அமைதியான முட்டி

கலாமணிக்கு வலது முட்டி வலித்தது. படி ஏறினால் வலித்தது; இறங்கினால் அதைவிட வலித்தது; சும்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் உள்ளே யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது. இதை அவள் சொல்லாத ஆள் கோயமுத்தூரில் பாக்கி இல்லை. கேட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியையும் பார்க்கவில்லை. அவளுடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்கள்.

“பச்சையாத்தானே இருக்குது?” என்றார் அவள் கணவர் ஈஸ்வரமூர்த்தி.

“பச்சையா இருந்தா வலிக்காதுங்களா?”

“வலிச்சா பச்சையா இருக்காதே, புள்ளே.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு, வலியைவிட அந்தப் பச்சையின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் தேய்ந்துபோன முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். சிலருடைய உடம்பு மட்டும் அந்த உலோகத்தை ஏற்றுக்கொள்ளாது. கோபால்ட், குரோமியம், நிக்கல் என்று அதிலிருந்து கரைந்து வருவதையெல்லாம் எதிரியாக எண்ணி ஓயாமல் சண்டை போடும். முட்டி வீங்கும், வலிக்கும். கிருமி எதுவும் இல்லையே என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். உண்மைக் காரணம் தெரிவதற்குள் வருடக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் உண்டு.

அந்தக் கஷ்டத்தைப் போக்கத்தான் புது முட்டி வந்தது. அதுவும் உலோகம்தான்; ஓரத்தில் மட்டும் கடுகளவு ஓர் உணரி. மூட்டுக்குள் ஊறும் நீரை அது சதா முகர்ந்துகொண்டே இருக்கும். உடம்பு சண்டைக்குக் கிளம்பும்போது சுரக்கிற இரசாயனங்கள் தட்டுப்பட்டால் உடனே கைப்பேசிக்குச் சொல்லும். திரையில் ஓர் இலை தெரியும். பச்சை இலை என்றால் மூட்டு அமைதியாக இருக்கிறது. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

நல்ல சாதனம்தான். எத்தனையோ பேரை நேரத்தோடு காப்பாற்றியிருக்கிறது. ஊரில் அதற்குப் ‘பேசும் முட்டி’ என்று பெயர் விழுந்தது. கல்யாணப் பந்தியில் சந்தித்துக்கொள்ளும் பெரியவர்கள், சௌக்கியமா என்பதற்குப் பதிலாக “பச்சைதானுங்களே?” என்று விசாரித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது.

கலாமணி காந்திபுரத்துக்கும் வடவள்ளிக்கும் நடுவே டவுன் பஸ் ஓட்டுகிறவள். தனியார் கம்பெனி பஸ். பாதி வாழ்க்கை கிளச்சிலும் பிரேக்கிலும் போனது. மின்சார பஸ் வந்து கிளச்சுக்கு வேலை இல்லாமல் போனபோது, அவளுடைய வலது முட்டியும் வேலைக்கு ஆகாமல் போயிருந்தது. ஐம்பதைத் தாண்டியவுடன் பேசும் முட்டியை வைத்துக்கொண்டாள். முதல் சில மாதங்கள் சுகமாகத்தான் இருந்தன. பிறகு மெல்ல ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை.

காலையில் அவள் கண் விழிக்கும்போதே கைப்பேசி தேன் ஒழுகும் குரலில் பேசும்: “இனிய காலை வணக்கம், கலாமணி! உங்கள் மூட்டு மிகவும் அமைதியாக உள்ளது. இந்த நாளைப் புன்னகையுடன் தொடங்குங்கள்!”

ஒரு நாள் தாங்கமாட்டாமல் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அரிசிக்குள்ளிருந்தும் அது, “போதுமான நீர் அருந்த மறவாதீர்கள்” என்றது.

ஓசூரில் இருக்கும் மகள் மித்ராவின் கைப்பேசியிலும் அம்மாவின் இலை தெரியும். “சூப்பர்மா, மாசம் பூரா பச்சை!” என்று அவளும் கைதட்டுகிற படம் அனுப்புவாள். ஈஸ்வரமூர்த்தி கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். வாழ்நாள் முழுக்க மீட்டர் முள்ளைப் பார்த்தே பிழைத்தவர். “மனுசன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது” என்பது அவருடைய வேதம். கெட்டவர் இல்லை. அவள் காலுக்கு ஒத்தடம் கொடுப்பார், தைலம் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே, “உனக்கு இதெல்லாம் தேவையே இல்லை, தெரியுமா?” என்றும் சொல்வார்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஹரிகிருஷ்ணாவிடம் போனாள். இளைஞர், மரியாதைக்காரர். அவள் உட்காரும் முன்பே அவர் திரையில் அவளுடைய மூட்டு ஒரு நேர்க்கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு அழகான ரீடிங்கை நான் பாத்ததே இல்லைம்மா” என்றார்.

“ரீடிங் அழகா இருக்குதுங்க. காலுதான் ஊன முடியலை.”

“நடக்காம இருந்தா அப்படித்தான் தோணும். நல்லா நடங்க.”

“டாக்டர், நான் ஆப்பரேஷனுக்கு முன்னாடியே சொன்னனுங்க. எனக்குக் கவரிங் கம்மல் ஆகாது, காது புண்ணாயிரும். வாட்ச் கட்டினா கை அரிக்கும். இந்த உலோகமும்...”

“அது தோல் சமாச்சாரம். உள்ள நடக்கறது வேற. அப்படி உங்க உடம்பு இதை எதிர்த்தா முதல்ல எனக்குத்தானே தெரியும்?” அவர் திரையைத் தட்டிக் காட்டினார். “பாருங்க. உங்க உடம்பு இதை எதிர்க்கவே இல்லை.”

“ஒரு தடவை கையை வெச்சுப் பாருங்களேன். சூடா இருக்குது.”

டாக்டர் சிரித்தார். கைவைத்துப் பார்ப்பது என்பதே அவருக்குப் பழைய காலத்துப் பழக்கம் மாதிரி தோன்றியிருக்க வேண்டும். மனநல ஆலோசகர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆலோசகப் பெண், முட்டியைச் சிநேகிதியாக நினைத்து அதோடு பேசிப் பழகச் சொன்னாள். “அதுதான் நாளெல்லாம் பேசிட்டே இருக்குதுங்களே!” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள் கலாமணி.

டெப்போவில் மேனேஜர் ரத்தினவேலுவிடம் லீவு கேட்டபோதும் இதே கதைதான். கம்பெனியின் கணினியில் ஓட்டுநர்களின் உடல்நிலை எல்லாம் ஏறியிருந்தது.

“அக்கா, பச்சையை வெச்சுக்கிட்டு மெடிக்கல் லீவு கேட்டா நான் மேல என்னன்னு சொல்றது? மஞ்சளாவது காட்டுங்க.”

“மஞ்சளுக்கு நான் எங்கீங்க போவேன்? பூசிக்கிட்டா வரட்டும்?”

“கோவிச்சுக்காதீங்க. வேணும்னா டிரைவர் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க.”

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டி ஏறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. ஊரே ஒன்று சொல்லும்போது, ஒரே ஒரு முட்டி மட்டும் எத்தனை நாளைக்கு எதிர்த்து நிற்கும்?

விபத்து ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது. லாலி ரோடு சிக்னலில் விளக்கு மாறியது. முன்னால் இளநீர் ஏற்றிய ஒரு சரக்கு ஆட்டோ நின்றது. கலாமணி எப்போதும்போல் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினாள். முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. கால் நகரவில்லை. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். பல்லைக் கடித்து மிதித்தபோது பஸ் ஆட்டோவின் பின்பக்கத்தில் மோதிவிட்டது. தானே பிரேக் பிடித்துக்கொள்ளும் பஸ்கள் பெரிய கம்பெனிகளுக்குத்தான் வந்திருந்தன. இது பழைய வண்டி. சாலை முழுக்க இளநீர் உருண்டது. ஆட்டோக்காரருக்குக் காரை எலும்பு முறிந்தது. கலாமணியின் வலது முட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த இரும்பில் இடித்தது. பயணிகள் இறங்கித் திட்டியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஆட்டோக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை நொண்டி நொண்டி அவர் பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு விசாரணை. டெப்போ மாடியில் ஒரு நீள மேஜை. ரத்தினவேலு, காப்பீட்டு நிறுவனத்துக்காரர் ஒருவர், முட்டி தயாரித்த நிறுவனத்திலிருந்து நஸ்ரின் என்ற இளம் பொறியாளர். கலாமணிக்குத் துணையாக ஈஸ்வரமூர்த்தி. அவளால் மாடி ஏற முடியாமல், அவர் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாகத்தான் வந்து சேர்ந்திருந்தாள்.

“முட்டி பூட்டிக்கிச்சு, வலியில கால் நகரலை. இதானே நீங்க சொல்றது?” என்று கேட்டார் காப்பீட்டுக்காரர்.

“ஆமாங்க.”

“சம்பவ நேரத்துக்கு முட்டியோட பதிவு என்ன சொல்லுது, மேடம்?”

நஸ்ரின் திரையைப் பார்த்து வாசித்தாள். “பச்சை. முழு அமைதி. அதுக்கு முன்னாடியும் சரி, அப்புறமும் சரி.”

“அப்ப வலி இல்லை. வலி இல்லைன்னா கவனக்குறைவு. லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி எழுதறதைத் தவிர வேற வழியில்லை. ஆட்டோக்காரர் கேஸ் போட்டா அது தனி.”

கலாமணி அந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாள் நம்பாமல் இருந்தார்கள், சரி. இப்போது அவளுடைய காலே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. தன் உடம்புக்குள் இருந்துகொண்டு, தன் சோற்றைத் தின்றுகொண்டு!

“அந்தச் சனியன் சொல்றதுதான் உங்களுக்கு வேதமுங்களா?” என்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் வலி இடுப்புவரை ஏறியது. காக்கிக் கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டி, நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்தாள். “பாருங்க. இதை யாராச்சும் ஒருத்தர் பாருங்க!”

முட்டி பலாக்கொட்டை நிறத்தில், உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இடித்த இடத்தில் கருநீலம் பாய்ந்து கெண்டைக்கால்வரை இறங்கியிருந்தது. தோல் மினுமினுத்தது.

ரத்தினவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈஸ்வரமூர்த்தியின் கை தன்னையறியாமல் அவள் முதுகைத் தொட்டது.

“இது அமைதியா இருக்குதுங்களா, கண்ணு? நீயே சொல்லு” என்று நஸ்ரினிடம் கேட்டாள் கலாமணி.

நஸ்ரின் முட்டியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரும்பவும் முட்டியைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, அனுமதி கேட்டு, வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இன்னிக்குக் காலையில ரீடிங் என்னக்கா?”

“புன்னகையோட தொடங்கச் சொல்லுச்சு.”

“இரும்புல இடிச்சு இவ்வளவு வீங்கியிருக்கு. ஆரோக்கியமான முட்டியா இருந்தாக்கூட இப்ப சிவப்பு காட்டணும்.” நஸ்ரின் மற்றவர்களிடம் திரும்பினாள். “விபத்தை விடுங்க சார். படி ஏறினா, சளி பிடிச்சா, வெயில்ல அலைஞ்சா, உயிரோட இருக்கற எந்த மூட்டுலயும் கோடு கொஞ்சம் ஏறி இறங்கும். இவங்களுக்கு மாசக்கணக்கா ஒரு அசைவுகூட இல்லை. நாங்க இதைப் பாத்து எவ்வளவு நல்லா ஏத்துக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டோம். எனக்கே இப்பத்தான் உறைக்குது.”

“கருவி கெட்டுப்போச்சுங்கறீங்களா?” என்றார் காப்பீட்டுக்காரர்.

“இல்ல சார். கெட்டுப்போனா சிக்னலே வராது. அது நல்லாத்தான் வேலை செய்யுது. அது இருக்கற இடத்துல நிஜமாவே அமைதிதான்.” அவள் சற்று யோசித்தாள். “உடம்புக்குப் பிடிக்காத ஒரு பொருள் உள்ள வந்தா, வெளியே தள்ளப் பாக்கும். தள்ள முடியலைன்னா அதைச் சுத்தித் தழும்புத் தசையால ஒரு சுவர் கட்டிடும். அக்காவோட உடம்பு இந்த உலோகத்தோட சண்டை போட்டிருக்கு. போடறப்பவே அந்தக் கடுகளவு உணரியைச் சுத்தியும் சுவர் எழுப்பிடுச்சு. வீடு பூரா அடிதடி நடக்குது. ஆனா, என்ன நடக்குதுன்னு சொல்ல வேண்டிய ஆளை ஒரு ரூம்ல போட்டுக் கதவைச் சாத்தியாச்சு. அவன் அங்கிருந்து, ‘எல்லாம் அமைதி’ன்னு சொல்லிட்டு இருக்கான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யில்ல.”

கீழே ஒரு பஸ் பின்வாங்கும் சத்தம் கேட்டது.

“அப்படின்னா...” என்று ரத்தினவேலு இழுத்தார்.

“உடம்பு எவ்வளவுக்கு எவ்வளவு வெறுக்குதோ, சுவர் அவ்வளவு தடிமன். சுவர் தடிமனாக ஆக, இலை இன்னும் பச்சை” என்றாள் நஸ்ரின். அவள் குரல் இறங்கியிருந்தது. “எங்க விளம்பரத்துல வர்ற அம்மாவுக்குத்தான் இந்த மாநிலத்துலயே பச்சையான முட்டி.”

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் பீளமேடு தாண்டியபிறகு ஈஸ்வரமூர்த்தி, “முள்ளு ஆடவே இல்லைன்னா மீட்டரைத்தான் முதல்ல சந்தேகப்படோணும். கடையில தினமும் பையனுககிட்ட அதைத்தான் சொல்றேன்” என்றார். பிறகு, “என்ற பொண்டாட்டி விசயத்துல மட்டும் எனக்கு அது தோணலை” என்றார். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் கால் வலித்தது.

டாக்டர் ஹரிகிருஷ்ணாவே முட்டியைத் திறந்தார். உள்ளே தசையெல்லாம் சாம்பல் நிறத்தில், ஈரச் சிமெண்டுபோல் இருந்தது. உணரியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நெல்லிக்காய் அளவு வெண்மையான, கெட்டியான ஒரு முடிச்சு. நறுக்கிப் பார்த்தால் நடுவில் அந்தக் கடுகு. எடுத்து வெளியே வைத்த பிறகும் அது பச்சை காட்டிக்கொண்டிருந்ததாம். அதையெல்லாம் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, கலாமணியின் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினார் டாக்டர். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குப்பியையே பார்த்தார்.

“நீங்க அன்னிக்கே சொன்னீங்கம்மா.”

“சொன்னனுங்க.”

“ஒரு தடவை கையை வெச்சுப் பாத்திருக்கலாம்” என்றார். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று எத்தனையோ நாள் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அந்த முகத்தைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. சலிப்புதான் வந்தது.

பீங்கான் பூச்சுப் போட்ட வேறு முட்டியை வைத்தார்கள். உணரி எதுவும் இல்லாத ஊமை முட்டி. காயம் ஆறி, பயிற்சி முடிந்து, ஒரு நாள் காலையில் அவள் சமையலறையில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, வலி இல்லை என்பது திடீரென்று உறைத்தது. தோசை கருகும்வரை அப்படியே நின்றாள்.

அதற்குள் வெளியே ஊர் இரண்டுபட்டிருந்தது. நஸ்ரின் தன் நிறுவனத்தின் பதிவுகளில் மிக அமைதியான முட்டிகளைத் தேடி எடுத்து, அவற்றின் சொந்தக்காரர்களோடு பேசினாள். பலர் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது சொல்வதையே நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. ஒரு பெண்ணை, சோம்பேறி என்று மாமியார் வீட்டில் முத்திரை குத்தியிருந்தார்கள். விளம்பரத்தில் சிரித்த அம்மா சக்கர நாற்காலியில் இருந்தார். நிறுவனம் நஸ்ரினை வாயை மூடச் சொன்னது. அவள் மூடவில்லை. வேலை போயிற்று. ஆனால் விஷயம் செய்தியாகி, அரசாங்கம் ஒரு குழு போட்டபோது அந்தக் குழுவிலேயே அவளைச் சேர்த்தார்கள்.

குழு ஓர் உத்தரவு போட்டது. நெடுங்காலம் அசையாமல் பச்சை காட்டும் முட்டிகளை எல்லாம் உடனடியாக எடுத்துவிட வேண்டும். மறுத்தால் பிறகு எந்தச் சிகிச்சைக்கும் காப்பீடு கிடையாது. ஒரே வாரத்தில் பச்சை கெட்ட நிறமாகிவிட்டது.

கலாமணி ஊரறிந்த ஆளாகிவிட்டாள். விசாரணையில் அவள்மேல் தப்பில்லை என்று முடிவாகி, மறுபடி பஸ் ஓட்டினாள்; ஓய்வு நாளில் பேசும் முட்டிக்காரர்கள் அவள் வீடு தேடி வந்தார்கள். பயந்து வந்தவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, “பயப்படாதீங்க, எடுத்துப் போட்டுருங்க. எனக்கு எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி நடக்கறேன் பாருங்க” என்று நடந்து காட்டுவாள். அவள் பேச்சைக் கேட்டுப் போய் நிம்மதியடைந்தவர்கள் நிறையப் பேர்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்தான் நாச்சிமுத்து. சூலூர்க்காரர், பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். கலாமணி குடியிருந்த அடுக்குமாடியில் அன்று லிஃப்ட் ஓடவில்லை; படியேறித்தான் வந்திருந்தார்.

“அம்மிணி, எனக்கும் பச்சை அசையறதில்லை. அடுத்த வாரம் ஆப்பரேஷனுக்குத் தேதி போட்டுட்டாங்க.”

“நல்லதுங்கய்யா. தள்ளிப் போடாதீங்க.”

“எனக்கு வலி இல்லைங்களே.”

“இருக்குமுங்க.”

“இல்லைங்க அம்மிணி. மாசத்துக்கு ஒருக்கா மருதமலைக்குப் படியேறிப் போயிட்டு வாரேன்.”

கலாமணி சிரித்தாள். இதையும் அவள் கேட்டிருக்கிறாள். பயந்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். “உங்களுக்குப் பழகிப் போயிருக்குமுங்கய்யா. வலியை வலின்னே நினைக்காம விட்டிருப்பீங்க. குழுவுல பெரிய பெரிய ஆளுக உக்காந்து பாத்துத்தான் சொல்லியிருக்காங்க. உங்களுக்குத் தெரியறதைவிட அவங்களுக்கு...”

“என்ற முட்டி வலிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

அவர் சத்தம் போடவில்லை. சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை; வெறும் அலுப்பு. ஏற்கெனவே பல பேரிடம் சொல்லி ஓய்ந்துபோன அலுப்பு. கலாமணிக்கு அந்தக் குரலைத் தெரியும். அது அவளுடைய குரல்.

“முன்னத்த ஆப்பரேஷன்லயே நெஞ்சு நின்னு போயி, மறுபடி ஓட வெச்சாங்க” என்றார் அவர். “இன்னொரு மயக்க மருந்தைத் தாங்குமான்னு டாக்டருக்கே தெரியலை. ஆனா உத்தரவுங்கறார். மகன் உத்தரவுங்கறான். மருமக, ‘மாமா பயப்படறாங்க’ன்னு என்ற முன்னாடியே சொல்றா. நீங்க ஒருத்தராச்சும் காது குடுப்பீங்கன்னுதான் பஸ் மாறி வந்தேன்.”

கலாமணிக்குக் காது சூடானது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்கய்யா. குத்த வெச்சு எந்திரிக்கறப்ப எப்படி இருக்குது?”

அவர் சொன்னார். மழைநாளில்? தூங்கி எழுந்ததும்? இறங்கும்போது? அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இடையிடையே பஞ்சாலைக் கதையும் வந்தது, செத்துப்போன மனைவியின் கதையும் வந்தது. அவள் எதையும் வெட்டவில்லை. ஒரு சமயம் தயங்கி, “பாக்கட்டுங்களா?” என்று கேட்டு முட்டியில் கைவைத்தாள். வீக்கமில்லை, சூடில்லை. காபி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

அவர் போகுமுன் அவள் நஸ்ரினை அழைத்தாள்.

“கண்ணு, சூலூர் நாச்சிமுத்துன்னு ஒருத்தருக்கு ஆப்பரேஷன் போட்டிருக்காங்க. அவருக்கு நெஞ்சு பலவீனம். முட்டியைத் திறக்காம உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க வழி இருக்குதா?”

“ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்து லேப்ல பாக்கலாம்க்கா. ஆனா அது எல்லாருக்கும் பண்ண நேரமில்லைன்னு குழுவுல தள்ளிட்டாங்க. இவருக்கு மட்டும் பண்ணணும்னா நான் ஏதாவது காரணம் காட்டணுமே.”

“அவருக்கு வலி இல்லை. அதான் காரணம்.”

மறுமுனையில் விசைப்பலகையின் சத்தம் கேட்டது. “பச்சைக்கு இப்ப மதிப்பு இல்லக்கா. உங்ககிட்ட வேற ஏதாவது ஸ்கேன், ரிப்போர்ட் இருக்கா? வலி இல்லைன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

கலாமணி எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

“கேட்டேன், கண்ணு” என்றாள்.